எந்தக் கைக்கு எந்த நகம்?

பார்லர் நாற்காலியில் சாய்ந்ததுமே கேள்வி வந்துவிடுகிறது: "எந்த ஷேப் மேடம்?" சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் ரவுண்ட், ஓவல், ஸ்கொயர், ஸ்கொவல், ஆல்மண்ட், காஃபின், ஸ்டிலெட்டோ என்று ஏழு விரல் நுனிகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவர்கள் அந்த அட்டையைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. கைப்பேசியைத் திறந்து, இன்ஸ்டாகிராமில் சேமித்து வைத்த ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். படத்தில் இருப்பது யாரோ ஒருவரின் நீண்ட, மெல்லிய விரல்கள். அந்தக் கைக்கு மாவு பிசையும் வேலை இருக்கிறதா, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. நம் கைக்கு இருக்கிறது. கணிசமான பணமும் ஒரு மத்தியான வேளையும் செலவழித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இரண்டாம் நாளே ஆள்காட்டி விரல் நகம் ஒடிகிறது. ஒன்று ஒடிந்தால் மீதி ஒன்பதும் களையிழந்துவிடும்.

நகத்தின் வடிவம் ரசனையைச் சேர்ந்த விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரசனை மூன்றாவதாக வரட்டும். உங்கள் நகம் பிறவியிலேயே எப்படி அமைந்திருக்கிறது என்பது முதலில். அந்தக் கை காலையிலிருந்து இரவு வரை என்ன வேலை செய்கிறது என்பது அடுத்தது. இந்த இரண்டையும் நேர்மையாகப் பார்த்துவிட்டால், அட்டையில் உள்ள ஏழில் நான்கைந்து தானாகக் கழிந்துவிடும். மிச்சமிருப்பதில் மனசுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால் அது கைக்கும் பொருந்தும், நிலைத்தும் நிற்கும்.

ஏன் ஒடிகிறது?

நாம் நகம் என்று பார்ப்பது உயிரற்ற பகுதி. கெரட்டின் என்ற புரதம் இறுகி உருவான தகடு; தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். உயிர் இருப்பது வேரில், தோலுக்கு உள்ளே. அந்த வேரின் முன்பகுதிதான் கட்டைவிரலில் வெள்ளைப் பிறையாக எட்டிப் பார்க்கிறது. அங்கிருந்து மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வீதம் நகம் முன்னால் தள்ளப்படுகிறது. நடுவிரல் நகம் வேகமாக வளரும்; கட்டைவிரலும் சுண்டுவிரலும் பின்தங்கும். அடிபட்டு விழுந்த நகம் முழுதாக முளைத்து வர ஆறு மாதம் பிடிக்கும். கால் கட்டைவிரலானால் ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும்.

கொக்குக் கூட்டம் பறக்கும்போது இரண்டு கையையும் நீட்டிப் பூ கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நகத்தில் விழும் அந்த வெள்ளைப் பூ, பெரும்பாலும் வேரில் பட்ட சிறு அடியின் அடையாளம். கால்சியம் குறைந்தால்தான் வெள்ளைப் புள்ளி வரும் என்று பலரும் நம்புகிறார்கள். சாதாரணமாக வரும் புள்ளிகளுக்கும் கால்சியத்துக்கும் தொடர்பில்லை. என்றைக்கோ கதவில் இடித்தது, நகம் முன்னேறி வர வர, சில வாரம் கழித்து வெள்ளையாக வெளியே தெரிகிறது. மெனிக்யூர் செய்கிறவர் நகத்தின் அடியில் இருக்கும் க்யூட்டிக்கிளைக் கூரான கம்பியால் அழுத்தித் தள்ளினாலும் இதேதான் நடக்கும். அவர் அப்படி அழுத்தும்போது வலித்தால், கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

நகம் ஏன் குறுக்காகவே கிழிகிறது என்பதை 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் என்னோஸ் குழுவினர் அளந்து பார்த்தார்கள். நகத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலும் கீழும் இருப்பவை மெல்லியவை. தடிமனான நடு அடுக்கில் கெரட்டின் இழைகள் விரலுக்குக் குறுக்காக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடுகின்றன. அதனால் நகத்தை நீளவாக்கில் வெட்ட, குறுக்காக வெட்டுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. வாழையிலை அதன் கிளை நரம்புகளின் போக்கிலேயே கிழிவதைப்போல நகமும் இழையின் போக்கிலேயே விட்டுக்கொடுக்கிறது. நமக்கு இது பெரிய பாதுகாப்பு. இழைகள் நீளவாக்கில் ஓடியிருந்தால், நுனியில் விழும் ஒவ்வொரு விரிசலும் சதைக்குள் இறங்கி வேர்வரை போயிருக்கும்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு முழுவதும் இந்த ஓர் உண்மையில் இருக்கிறது. விரிசல் பக்கவாட்டில்தான் ஆரம்பிக்கும். நகம் சதையை விட்டு வெளியேறும் இடத்தில், இடது வலது இரண்டு ஓரங்களிலும், அழுத்தம் வந்து குவிகிறது. அந்த ஓரங்களை உள்ளே அராவி மெலிதாக்கிவிட்டால், நகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒருநாள் அங்கேயே குறுக்காகப் பிளக்கும். ஓரத்தை எவ்வளவு விட்டு வைக்கிறோமோ அவ்வளவு காலம் வடிவம் நிற்கும்.

இன்னொரு எதிரி தண்ணீர். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். பாத்திரம் துலக்குவதும், துணி அலசுவதும், தரை துடைப்பதுமாக ஒரே நாளில் பலமுறை நனைந்து காய்கிற கையில், நக நுனி அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். அப்படிப் பெயர்கிற நகத்துக்கு எந்த வடிவமும் பொருந்தாது. முதலில் பாத்திரம் துலக்கும்போது ரப்பர் கையுறை, இரவில் நகத்தோரம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் என்று இரண்டு மூன்று மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒட்ட வெட்டியே வைத்திருப்பது நல்லது.

கையைத் திருப்பிப் பாருங்கள்

நகப்பூச்சு எதுவும் இல்லாத கையை வெளிச்சத்தில் நீட்டி, நகத்தின் அடிவளைவைப் பாருங்கள். தோலும் நகமும் சேரும் அந்தக் கோடு சிலருக்கு நல்ல அரைவட்டமாக இருக்கும். சிலருக்கு ஏறக்குறைய தட்டையாக, மூலை தெரிகிற மாதிரி இருக்கும். இன்னும் சிலருக்கு நடுவில் குறுகலாக, முட்டையின் கூர்முனைபோல் இறங்கியிருக்கும். நுனியின் வளைவு அந்த அடிவளைவோடு ஒத்துப்போனால் நகம் கண்ணுக்கு இதமாக இருக்கும். மேலே வட்டம், கீழே சதுரம் என்று முரண்பட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பாலிஷ் போட்டாலும் ஏதோ குறைகிறது என்றே தோன்றும். அழகுக்கலை வகுப்புகளில் முதல் பாடமே இதுதான்; இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது அகலம். நகம் நீளத்தைவிட அகலம் கூடுதலாக இருந்தால், சதுரமாக வெட்டுவது அந்த அகலத்தை இன்னும் எடுத்துக் காட்டும். ஓவல் வடிவம் ஓரங்களைச் சற்றே உள்வாங்கி, விரலை நீளமாகக் காட்டும். குட்டையான விரல்களுக்கும் இதுவே பொருந்தும். விரல் மெலிந்து நீண்டு, நகமும் ஒடுக்கமாக இருக்கிறவர்களுக்கு ஆல்மண்ட் போட்டால் கை இன்னும் ஒல்லியாகத் தெரியும். அவர்களுக்கு ஸ்கொவலோ சதுரமோ எடுப்பாக இருக்கும்.

அடியில் குறுகி நுனியில் விரியும் நகம் ஒன்று உண்டு. விசிறி நகம் என்று சொல்லலாம். இதைச் சதுரமாக விட்டால் மேலும் விரிந்துகொண்டே போகும். நுனியைக் குட்டையாக வைத்து, மூலைகளை நன்றாக உருட்டிவிட்டால் அடங்கிவிடும். நுனி கீழ்நோக்கிக் கவிழ்ந்து வளர்கிற நகத்தை எந்த வடிவத்திலும் நீளமாக விடக் கூடாது. வளர வளர அது விரலைச் சுற்றிக்கொண்டு இறங்கும்.

கட்டைவிரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கட்டைவிரல் நகம் மட்டும், சிலருக்கு இரண்டுமே, குட்டையாகவும் மிக அகலமாகவும் இருக்கும். பரம்பரையாக வருகிற அமைப்பு, நோய் இல்லை. பல பெண்கள் இதற்காகப் போட்டோ எடுக்கும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. மற்ற எட்டு விரலையும் குட்டையான ரவுண்டிலோ ஓவலிலோ வைத்துக்கொண்டால் கட்டைவிரல் தனியாகத் தெரியாது. எட்டையும் நீட்டி வளர்க்கும்போதுதான் அந்தக் கட்டைவிரல் கண்ணில் படுகிறது.

ஏழு வடிவங்களில் நான் நிறுத்தி வைப்பவை

ரவுண்ட் மிகவும் பழையது, மிகவும் அடக்கமானது. விரல் நுனியின் வளைவையே பின்பற்றுவது. ஒட்ட வெட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே போதும்.

சதுரம் என்பது ஓரங்களை நேராக விட்டு, நுனியை நேர்க்கோட்டில் அராவுவது. பக்கவாட்டு ஓரம் முழுதாக இருப்பதால் அடிப்பகுதி பலமாக இருக்கும். தொல்லை, அந்த இரண்டு மூலைகளில். பட்டுச்சேலையின் ஜரிகை இழையில் மாட்டும், துப்பட்டாவில் மாட்டும், தலை வாரிவிடும்போது முடியில் மாட்டும். மாட்டி இழுக்கும்போது மூலை பெயர்ந்தால் விரிசல் குறுக்கே ஓடும். 1970-களில் அமெரிக்காவில் ஜெஃப் பிங்க் என்பவர் பிரபலமாக்கிய, நுனியில் மட்டும் வெள்ளைக் கோடு போடும் ஃப்ரெஞ்ச் மெனிக்யூர் இந்தச் சதுர நுனியோடு சேர்ந்துதான் பலருக்கும் நினைவில் இருக்கிறது.

மூலையின் கூரை மட்டும் மழுக்கிவிட்டால் சதுரம் ஸ்கொவலாகிவிடும். சதுரத்தின் பலமும் ஓவலின் மென்மையும் சேர்ந்த வடிவம் இது. கீபோர்டில் தட்டுகிறவர்கள், பைல்கள் புரட்டுகிறவர்கள், கடையில் பில் போடுகிறவர்கள், வண்டி ஓட்டி அலுவலகம் போகிறவர்கள் எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். கையுறை கிழியாது. சேலையில் மாட்டாது. நெயில் கட்டரால் வீட்டிலேயே தொடர்ந்து பராமரிக்கலாம்.

ஓவல் நம் ஊரில் அதிகம் பேருக்குப் பொருந்துகிற வடிவம் என்பது என் கணிப்பு. அகலமான நகத்தை அடக்குகிறது, குட்டை விரலை நீட்டுகிறது, மருதாணியோடும் மோதிரத்தோடும் நன்றாகச் சேர்கிறது. ஆனால் நல்ல ஓவலுக்கு நுனியில் இரண்டு மில்லிமீட்டராவது நகம் வேண்டும். அதற்குக் குறைவாக இருக்கும்போது ஓவல் கேட்டால், ஓரங்களைச் சதைக்குள் இறங்கி அராவுவார்கள். பலர் நகத்தைப் பலவீனப்படுத்திக்கொள்வது அங்கேதான்.

ஆல்மண்ட் என்பது ஓவலின் கூர்மையான அக்கா. பாதாம்பருப்பின் நுனிபோல ஒடுங்கும் வடிவம் என்பதால் அந்தப் பெயர். சொந்த நகம் தடிமனாக இருப்பவர்களால் மட்டுமே இதைத் தாங்க முடியும். நுனியைத் தட்டையாக வெட்டிய காஃபினும், ஊசிபோல முடியும் ஸ்டிலெட்டோவும் சொந்த நகத்துக்கு உரியவை அல்ல. ஜெல்லோ அக்ரிலிக்கோ வைத்துக் கட்டினால்தான் நிற்கும். மேடைக்கும் படப்பிடிப்புக்கும் சரி. ஸ்டிலெட்டோ நகத்தோடு கைக்குழந்தையைத் தூக்குவதையும் கான்டாக்ட் லென்ஸ் மாட்டுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கை என்ன வேலை செய்கிறது?

என் சித்தி சீர்வரிசைக்குக் கைமுறுக்கு சுற்றுகிறவர். மனையில் துணி விரித்து உட்கார்ந்தால், ஒரு கொத்து மாவைக் கையில் எடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முறுக்க முறுக்க, மாவு இழை வளையம் வளையமாகத் துணியில் இறங்கும். ஐந்து சுற்று, ஏழு சுற்று எதுவானாலும் முறுக்கின் கனம் மாறாது. விரல் நுனியின் சதை மட்டுமே மாவைத் தொடும். "கொஞ்சம் நகம் வளர்த்தா கை இன்னும் அழகா இருக்குமே சித்தி" என்றேன் ஒருமுறை. "நகம் பட்டா மாவுல பள்ளம் விழும்டி. எண்ணெயில போட்டதும் அந்த இடத்துலதான் விட்டுப்போகும்" என்றார், கையை நிறுத்தாமல். அவருடைய நகங்கள் எப்போதும் ஒட்ட வெட்டி, விரலின் வளைவிலேயே இருக்கும். ஆடியில் வைத்த மருதாணி நுனியை நோக்கிச் சிவந்த பிறையாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கையைவிட அழகான கையை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை.

கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம். சாம்பார் சாதத்தைப் பிசைந்தால் பருக்கை எங்கே போய் உட்காரும் என்பதை நகம் வளர்த்த எல்லோரும் அறிவார்கள். இட்லி மாவைக் கரைப்பது, இறால் உரிப்பது, கீரை ஆய்வது, தேங்காய் துருவுவது என்று சமையலறையில் கை புகாத வேலை இல்லை. நுனி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பிரஷ் போட்டு நக இடுக்கைத் தேய்க்க வேண்டியிருக்கும். சமைக்கிற கையில் அது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது. மஞ்சள் கறை வேறு. மஞ்சளில் உள்ள குர்குமின் நகத்திலும் வெளிர்நிற ஜெல் பாலிஷிலும் ஏறிக்கொள்ளும். சமையல் அதிகம் செய்கிறவர்கள் வெள்ளை நுனி ஃப்ரெஞ்ச் மெனிக்யூரைத் தவிர்ப்பது நல்லது.

பூத்தொடுப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மல்லிகை மொட்டில் நகம் பட்ட இடம் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். அதனால் அந்தக் கைகளில் நகம் வளர்ந்து பார்க்க முடியாது.

வீணை வாசிக்கிறவர்களின் நகம் தனிக் கதை. வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நான்கு தந்திகளை மீட்ட வேண்டும். சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்றையும் தொட வேண்டும். உலோக மீட்டி மாட்டிக்கொள்ளாதவர்கள் அந்த விரல்களில் மட்டும் நகம் வளர்க்கிறார்கள். இடக்கை மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்தி இழுக்கிற கை; அங்கே நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மீட்டும் நகத்தின் நுனியில் சிறு பிசிறு இருந்தால்கூட நாதத்தில் கரகரப்பு கேட்கும். இரண்டு கைக்கும் ஒரே மாதிரி நகம் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், வீணைக் கலைஞர்களின் கையைக் காட்டுங்கள்.

மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தேர்வு என்பதே கிடையாது. நோயாளிகளை நேரடியாகத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பின் 2009-ம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. கிருமிகள் அதிகம் தங்குவது நகத்தின் அடியில். நீண்ட நகம் கையுறையையும் கிழிக்கும். நர்சிங் படிக்கும் பிள்ளைகளும், வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களைக் கவனிக்கிறவர்களும் இந்த அளவையே பின்பற்றலாம்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு ஒரே வடிவம்தான்: ஒட்ட வெட்டிய ரவுண்ட். குழந்தையின் தோல் எவ்வளவு மெலிது என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட நகத்தின் அந்தஸ்து

நீளமான நகம் ஒரு காலத்தில் அழகைவிட அந்தஸ்தையே காட்டியது. சீனாவின் சிங் வம்சப் பேரரசி சீஷியின் புகைப்படங்களில், மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் நீண்ட நக உறைகள் மின்னும். உடுத்திவிடவும் ஊட்டிவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள், இந்தக் கை எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை என்பதே அந்த உறைகளின் செய்தி. இன்றைக்கும் நீளமான நகத்தின் மேல் உள்ள மயக்கத்தில் அதன் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

புனேயைச் சேர்ந்த ஸ்ரீதர் சில்லால் 1952-லிருந்து இடக்கை நகங்களை வெட்டாமலே விட்டார். 2018-ல் நியூயார்க்கில் அவற்றை வெட்டியபோது ஐந்து நகங்களின் மொத்த நீளம் 909.6 சென்டிமீட்டர். கின்னஸ் சாதனை கிடைத்தது. ஆனால் இடக்கை நிரந்தரமாகச் செயல் இழந்திருந்தது.

எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார். அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர், நீண்டு வளர்ந்த வண்ண நகங்களோடுதான் 1988-ல் ஓடினார். 100 மீட்டரை 10.49 விநாடியிலும், சியோல் ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 21.34 விநாடியிலும் கடந்தார். அவருடைய வேலைக்குக் கால் தேவைப்பட்டது. நகம் குறுக்கே வரவில்லை. வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவர்கள் ஆசைப்பட்டபடி வளர்க்கட்டும், அதில் தவறே இல்லை.

அராவுவது எப்படி?

வடிவத்தைத் தீர்மானித்தாயிற்று. இனி கைவேலை. குளித்து முடித்ததும் நகம் ஊறி மெத்தென்று இருக்கும். வெட்ட அது நல்ல நேரம், அராவ மோசமான நேரம். ஊறிய நகத்தை அராவினால் அடுக்குகள் பிரியும். வெட்டியபின் நன்றாகக் காயவிட்டு அராவுங்கள்.

நெயில் கட்டரை ஒரே கடியாகக் கடிக்கவிடாமல், ஓரத்திலிருந்து சிறு சிறு துண்டாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். விரும்பும் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். மீதியை அரம் பார்த்துக்கொள்ளும். கட்டரோடு மடிந்து வரும் இரும்பு அரம் வேண்டாம். நகத்துக்கு அது முரடு. பேன்சி கடையில் கிடைக்கும் அட்டை அரத்தில் 180 அல்லது 240 என்ற எண் இருக்கும். எண் கூடக் கூட மென்மை கூடும். சொந்த நகத்துக்கு 240 நல்லது. 100 என்று போட்டிருந்தால் அது அக்ரிலிக் நகத்துக்கானது. கண்ணாடி அரம் கிடைத்தால் இன்னும் சிறப்பு. கழுவி வைத்துக்கொண்டு நெடுநாள் பயன்படுத்தலாம்.

ஒரு விரலை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி கையைத் திருப்பி, விரலை மடக்காமல் நிமிர்த்துங்கள். சதைக்கு மேலே நகம் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பது இந்தக் கோணத்தில்தான் சரியாகத் தெரியும். அரத்தை நகத்தின் அடிப்பக்கமாகச் சற்றே சாய்த்து, வலது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழுங்கள். தூக்கி, மறுபடி அதே ஓரத்திலிருந்து. பிறகு இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு. ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் தேய்த்தால் நுனி பிசிறடிக்கும். நகம் சதையை விட்டுப் பிரியும் அந்த இரண்டு புள்ளிகளுக்குக் கீழே அரம் போகவே கூடாது. கடைசியாக, நுனியை ஒரு பழைய சுடிதார் துணியில் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அங்கே இன்னும் பிசிறு இருக்கிறது.

சுண்டுவிரலில் ஆரம்பியுங்கள். அதுதான் சிறியது, இருக்கும் நீளம் அதில் குறைவு. அதன் அளவுக்கு மற்றதைக் கொண்டுவருவது எளிது. கட்டைவிரலில் ஆரம்பித்தவர்கள் சுண்டுவிரலுக்கு வரும்போது நீளம் போதாமல் நிற்பார்கள்.

கால் விரலுக்கு இந்த வடிவங்கள் எதுவும் ஆகாது. நேராக மட்டுமே வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால், வளரும்போது நகம் சதைக்குள் குத்திக்கொண்டு இறங்கும்.

ஒட்டு நகம் வைப்பதானால்

கல்யாணம், வரவேற்பு, வளைகாப்பு என்றால் எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்வது இப்போது சின்ன ஊர்களிலும் சாதாரணமாகிவிட்டது. ஆசை நியாயமானது. ஆனால் நீளம் கூடினால் நெம்புவிசையும் கூடும். நீண்ட நுனி எதிலாவது இடித்தால் அந்த விசை முழுவதும் நகம் சதையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் இறங்கும். ஒட்டு நகம் பெயரும்போது சொந்த நகத்தின் மேலடுக்கையும் கொண்டுபோகும், சில சமயம் நகத்தையே சதையிலிருந்து கிளப்பிவிடும். அந்த இடைவெளியில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாக மாறும். பச்சை தெரிந்தால் மேலே இன்னொரு கோட் பாலிஷ் போட்டு மறைக்காதீர்கள். ஒட்டியதை அகற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜெல் பாலிஷ் போடும்போது அது தோலில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். விளக்கில் சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். வந்தால் அது வாழ்நாள் முழுவதும் நிற்கக்கூடும். ஜெல் இறுகுவதற்காகச் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. பார்லரில் பாட்டிலைக் காட்டச் சொல்லி, அது இல்லாததா என்று கேட்டுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. கழற்றும்போது பிய்த்து எடுக்க விடாதீர்கள். அசிட்டோனில் ஊறவைத்து, தானாக இளகி வரட்டும்.

மணப்பெண்களுக்கு என் யோசனை: தாலி கட்டும் நாளில் நெற்றியில் குங்குமம் வைக்க வேண்டும், மெட்டி போட்ட காலைத் தொட்டு எழ வேண்டும், இலையில் கைவைத்துச் சாப்பிட வேண்டும். ஒட்டிக் கழற்றும் பிரெஸ்-ஆன் நகங்களை முந்தைய நாள் வரவேற்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்குச் சொந்த நகத்தில் ஓவலும் மருதாணியும் போதும். மருதாணியின் நிறம் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துவிடும். நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை போகாது.

அரத்தைக் கீழே வைக்க வேண்டிய நேரம்

சில நகங்களுக்கு வடிவம் தேவையில்லை, மருத்துவர் தேவை. நடுவில் குழிந்து கரண்டிபோல் ஆன நகம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். நகமும் விரல் நுனியும் உருண்டு உப்பினால் நுரையீரலையோ இதயத்தையோ பார்க்கச் சொல்வார்கள். தடித்து, மஞ்சளாகி, பொடியாக உதிரும் சொத்தை நகம் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோட்டைத் தள்ளிப்போடவே கூடாது. அரிதாகப் புற்றுநோயின் அடையாளமாக அது இருப்பதுண்டு. நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்காமல், சீழ் கோக்கும் முன் காட்டிவிடுங்கள். அடிக்கடி நகச்சுத்தி வருகிறவர்கள் க்யூட்டிக்கிளை வெட்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும். கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் முத்திரையே அதுதான்.

அறுவை சிகிச்சைக்குப் போகும்போது நகப்பூச்சை அகற்றிவிட்டு வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நகத்தின் வழியாக ஒளியைச் செலுத்திப் பார்க்கிறது. அடர்ந்த நிறப் பூச்சு அந்த அளவைப் பிசகச் செய்யும்.

மற்றபடி, சமைத்து, கையால் சாப்பிட்டு, வேலைக்கும் போய்வரும் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு வடிவம் கேட்டால், சதைக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் தாண்டாத ஓவலைச் சொல்வேன். அடிவளைவு தட்டையாக இருந்தால் அதே நீளத்தில் ஸ்கொவல். இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பாலிஷைத் துடைத்துவிட்டு, 240 எண் அரம் ஒன்று வாங்கி, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். வடிவம் பிடிக்காவிட்டால் வருத்தப்பட வேண்டியதில்லை. அடுத்த வடிவத்துக்குத் தேவையான 3 மில்லிமீட்டர் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும்.